இருபதாவது சங்கிலி

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகில் ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் வயிற்றைப் புரட்டும். தாழந்துறையில் இரண்டரை வருடம் வேலை பார்த்தும் முழங்காலுக்கு மேலே உப்புத்தண்ணீர் என் மேல் பட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படகில் போய் ஏதோ செய்துவிட்டு வந்ததாக ஊரில் பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. செய்தது எல்லாம் கரையில் இருந்துதான்.

என் பெயர் பஞ்சநதம். நில அளவைத் துறையில் சர்வேயர். பதினேழு வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, நானாகவே சொல்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட் ஐயா முன்னால் உட்கார்ந்து எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

சட்டம் சிக்கலானது இல்லை. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது. மீட்டரில் சொன்னால் ஐயாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தாறு. இழுவலை என்பது ஒரு பெரிய பை. இரண்டு பக்கமும் பலகை கட்டிக் கடலடித் தரையைச் சுரண்டிக்கொண்டே போகும். முட்டை, குஞ்சு, பாசி எல்லாம் அதற்குள் வந்துவிடும். சின்னப் படகுக்காரர்கள் விரித்து வைத்திருக்கும் வலைகளும் கிழிந்து அதோடு போகும். அதனால்தான் அந்த மூன்று மைலைச் சின்னப் படகுக்காரர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். சட்டம் வந்தது எண்பத்து மூன்றில். அதற்குப் பிறகு எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் விசைப்படகு முதலாளிகள் அந்தக் கழகத்தில் இருந்தார்கள். சட்டம் காகிதத்தில் இருந்தது. படகுகள் கரையிலிருந்து பார்த்தால் ஆள் அடையாளம் தெரிகிற தூரத்தில் இருந்தன.

காகிதத்தில் இருப்பது தரைக்கு வர என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். நாங்கள் பண்ணையில் கூலி வேலை செய்த குடும்பம். நில உச்சவரம்பில் எடுத்த உபரி நிலத்தில் என் அப்பாவுக்கும் கொஞ்சம் ஒதுக்கி, மேடையில் வைத்து மந்திரி கையால் பட்டா கொடுத்தார்கள். ஆறு வருடம் அப்பாவிடம் அந்தக் காகிதம் மட்டும்தான் இருந்தது. நிலத்தைப் பண்ணையார் ஆட்களே உழுதார்கள். பிறகு ஒருநாள் ஒரு சர்வேயர் சைக்கிளில் வந்து சங்கிலியைப் பிடித்தார். பண்ணையாரின் காரியக்காரர் வயலுக்குள் நின்றுகொண்டிருந்தார். சங்கிலி அவர் காலருகே வந்தபோது அவர் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். நான் இந்த வேலைக்கு வந்தது அதைப் பார்த்துத்தான்.

இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில் மீன்துறையிலிருந்து கடிதம் வந்தது. தாழந்துறைக்கு நேரே மூன்று கடல் மைல் எல்லையைக் குறித்துக் கொடுக்க வேண்டும், அந்த இடத்தில் மிதவை போடப் போகிறார்கள் என்று. கடலைச் சங்கிலி வைத்து அளக்க முடியாது. கரையில் ஒரு நேர்கோட்டை அளந்துகொண்டு, அதன் இரண்டு முனையிலும் கருவியை வைத்துக் கோணம் எடுத்தால் கடலில் இருக்கிற எந்தப் புள்ளியின் தூரமும் கிடைத்துவிடும். கரைக்கோடு சரியாக இருந்தால் கடலில் எல்லாம் சரியாக இருக்கும்.

ஒரு முனைக்கு ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு முனைக்கு ஐஸ் கம்பெனி. நடுவில் ஈர மணல். வீரையன் சங்கிலி பிடித்தார். அவர் எங்கள் செயின்மேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முப்பது மீட்டர் சங்கிலி ஒவ்வொரு முறை நீளும்போதும் ஒரு இரும்புக் குச்சி நட வேண்டும். கடைசியில் குச்சிகளை எண்ணினால் எத்தனை சங்கிலி என்று தெரியும். எங்களிடம் பத்துக் குச்சி. முதல் சுற்றில் பத்தும் வந்தன. இரண்டாவது சுற்றில் வீரையன் கையில் ஒன்பதுதான் இருந்தன.

"இருபதுங்க. ஒரு குச்சியை அலை அடிச்சிட்டுப் போயிடுச்சு" என்றார்.

கையில் இருப்பதைத்தான் எண்ண வேண்டும், கடலில் இருப்பதை எண்ண முடியாது என்று சொல்லி நான் பத்தொன்பது என்று எழுதினேன். அவர் இன்னொரு தரம், "நான் நட்டதுங்க, இருபது" என்றார். எண்ணத் தெரியாத ஆளை அரசாங்கம் எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறது என்று கேட்டேன். அவர் குனிந்து சங்கிலியைச் சுருட்டத் தொடங்கினார். ஒரு சங்கிலி குறைந்ததால் என் கணக்கில் எல்லாத் தூரமும் குறைவாக விழுந்தது. கணக்கு மூன்று மைல் என்று சொன்ன இடம் உண்மையில் அதைவிடத் தள்ளி இருந்தது. மிதவைகள் மூன்று மைலில் அல்ல, அதற்கு இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டர் வெளியே போய் நின்றன. அது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று மிதவைகளையும் இரண்டு மாதத்தில் விசைப்படகுக்காரர்கள் அறுத்துவிட்டார்கள். மே மாதம், மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில், தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். தாழந்துறைப் பஞ்சாயத்துத் தலைவர் செல்லதுரை கிழிந்த வலைகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர்கள். அவர்களில் ஒருவர் எழுந்தார். பெயர் ஜெக்கரியா. ஐம்பது வயது இருக்கும். சட்டைப்பையில் செயற்கைக்கோள் பார்த்து இடம் சொல்லும் சின்னக் கருவி ஒன்றை வைத்திருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மிதவையை அறுத்தது தப்புதான், நான் அறுக்கல. ஆனா மிதவை நின்ன இடம் மூணு மைல் இல்லைங்க. இன்னும் முந்நூறு மீட்டர் வெளியில இருந்துச்சு. நான் மூணையும் குறிச்சு வச்சிருக்கேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாசில்தார் என் பக்கம் திரும்பி ஒரு தடவை சரிபார்த்துவிடச் சொன்னார். செல்லதுரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் என்னிடம் பேசும்போதெல்லாம் எழுந்து நின்றுதான் பேசுவார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஜெக்கரியா என்னைத் தேடி வந்தார். மிதவை நின்ற இடங்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். கோடு எங்கே என்று தெரிந்தால் போதும், அதைத் தாண்டி உள்ளே வரமாட்டேன், நாங்களும் இதை வைத்துத்தான் பிழைக்கிறோம் என்றார். நல்ல மனிதர். எனக்கு அவர் மேல் கோபம் எதுவும் இல்லை. இதைத் தனியாக ஒரு வரியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீரையனை மட்டும் கூட்டிக்கொண்டு போய் மறுபடி அளந்தேன். அலை எட்டாத மேட்டு மணலில், புதுக் குச்சிகள் வைத்து. இருபது. வீரையன் குச்சிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் போட்டார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை அறிக்கை எழுதினேன். "மறு அளவை செய்யப்பட்டது. முன்னர் குறித்த எல்லை சரியே." ஏன் அப்படி எழுதினேன் என்று சிறையில் இருந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். முந்நூறு மீட்டர் தவறு என்று நானே ஒப்புக்கொண்டால், தாழந்துறைக்காரர்களுக்கு மிச்சம் இருந்த ஒரே பிடிமானமும் போய்விடும். விசைப்படகு முதலாளிகள் அதை வைத்து வழக்குப் போட்டு எல்லையே செல்லாது என்று சொல்வார்கள். ஊர் நன்மைக்காகத்தான் அப்படி எழுதினேன். யோசித்ததில் எனக்கு இந்தக் காரணம்தான் கிடைத்தது.

ஆனால் அறிக்கை எழுதினால் மட்டும் கோடு நின்றுவிடாது. அது தண்ணீரில் தெரிய வேண்டும்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் பழைய கருங்கல் எல்லைக்கற்கள் குவிந்து கிடந்தன. சுற்றுவட்டாரத்தில் வயலை இறால் பண்ணையாக்கியபோது பிடுங்கிப் போட்டவை. அந்த நிலங்கள் மேல் இன்னும் வழக்கு நடக்கிறது, கற்கள் யாருக்கும் வேண்டாம். நூற்று நாற்பது இருந்தன. உபயோகமற்றவை என்று எழுதிக் கழித்தேன். செல்லதுரையைக் கூப்பிட்டு, இந்தக் கற்களைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக் கடலில் இறக்கினால் மீன் அடையும், எல்லை தாண்டி வருகிற இழுவலையும் கிழியும் என்று சொன்னேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஊரில் நாற்பது வலை போயிருந்தது. அந்த வருடம் ஜூன் பன்னிரண்டில் மேட்டூரும் திறக்கவில்லை. குறுவை இல்லை என்று ஆனதும் உள்பக்கத்து வயல் கூலியாட்களும் வேலை தேடிக் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். எல்லார் வயிறும் ஒரே தண்ணீரை நம்பி இருந்தது.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் செல்லதுரை.

"நம்ம எல்லைக்குள்ளதானே சார் போடுறோம்? வெளியில ஒரு அடிகூட வேணாம். அவங்க பாவம் நமக்கு எதுக்கு?"

எல்லைக்குள்தான் என்றேன். அவர் பேரிலும் அவர் ஆட்கள் பேரிலும் குற்றம் இல்லை. அவர்கள் நான் கொடி காட்டிய இடத்தில் கல்லைத் தள்ளினார்கள். நான் தண்ணீர்த் தொட்டியின் மேல் கருவியோடு நின்றேன். மூன்று காலை வேளைகளில் வேலை முடிந்தது.

எந்த இடத்தில் என்று கேட்பீர்கள். மிதவைகள் நின்ற அதே கோட்டில். உண்மையான மூன்று மைல் கோட்டில் போட்டிருந்தால், கற்கள் ஒரு கோட்டிலும் முன்பு மிதவைகள் நின்ற இடம் வேறு கோட்டிலும் இருக்கும். யாராவது இரண்டையும் ஒப்பிட்டால் மறுபடி அந்த முந்நூறு மீட்டர் கதை கிளம்பும். ஒரே சர்வேயர் ஒரே எல்லையை இரண்டு இடத்தில் காட்ட முடியாது.

அதற்கு முன்னால் ஒன்பது நாள் நான் தொட்டி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வீரையன் சொல்லியிருக்கிறார். உண்மைதான். எந்தப் படகு எங்கே இழுக்கிறது என்று தெரியாமல் கல் போடுவது பொறுப்பில்லாத வேலை. ஆறு விசைப்படகுகள் தினமும் நன்றாக உள்ளே வந்து இழுத்தன. கோட்டுக்கு வெகு தூரம் உள்ளே, ஊர் வலைகளுக்கு மேலேயே. ஒரே ஒரு படகு மட்டும் உள்ளே வரவில்லை. மூன்று மைலுக்குச் சற்று வெளியே, கரைக்கு இணையாக, இருநூறிலிருந்து முந்நூறு மீட்டர் இடைவெளி விட்டு வடக்கே போய்த் தெற்கே திரும்பியது. பச்சைப் பட்டை அடித்த படகு. அது ஜெக்கரியாவின் படகு என்று எனக்குத் தெரியும். தன் கருவியைப் பார்த்துச் சட்டப்படி ஓட்டினார். எனக்கு அது சட்டத்தை மதிப்பதாகத் தோன்றவில்லை. தினமும் என் கணக்கைக் கரைக்கு எதிரே கோடு போட்டுக் காட்டுவதாகத் தோன்றியது.

கற்கள் அவர் பாதையில் கிடந்தன. உள்ளே இழுத்த ஆறு படகுகளுக்கும் அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. அவர்கள் கற்களைத் தாண்டி உள்ளே வந்த பிறகே வலை இறக்குவார்கள்.

வலை கிழியும், அவ்வளவுதான் என்று நினைத்தேனா என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் கேட்டார். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சாதகமாக இருந்திருக்கும். ஆனால் கட்டுக் கம்பி அரை அங்குலம், ஒரு கட்டில் ஏழு கல். இழுவலை அதில் மாட்டினால் வலை கிழியாது, படகு நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் கட்டிப் போட்டது மாதிரி நின்றால், பக்கவாட்டில் வருகிற ஒரு அலை போதும். ஜூன் மாதமே மீன்துறைக்காரர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜூலை பதினெட்டு, வியாழக்கிழமை. காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு மாட்டியது. தொட்டி மேலிருந்து கருவியின் கண்ணாடியில் நன்றாகத் தெரிந்தது. பின்பக்கம் அமிழ்ந்தது, படகு ஒருக்களித்தது, பிறகு முன்பக்கம் மட்டும் தண்ணீருக்கு மேலே செங்குத்தாக நின்றது. வலை கீழே பிடித்திருந்ததால் நகரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர். நாலாவது ஆள் வரவில்லை. அது ஜெக்கரியா. அவர் சுக்கான் அறைக்குள் இருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

மூன்று பேரில் ஒருவர் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

வீரையன் தொட்டிக்குக் கீழே இருந்தார். அவருக்கும் ஏதோ தெரிந்துவிட்டது. மேலே ஏறி வந்தார்.

"படகு கவுந்த மாதிரி இருக்குங்களே. ஊர்ல ஓடிப் போய்ச் சொல்லிடட்டுங்களா? செல்லதுரை படகு கரையிலதான் நிக்குது."

முதலில் கோணம் எடுத்துவிடலாம் என்றேன்.

இது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். மூழ்கிய படகு எங்கே மூழ்கியது என்று பிறகு கேள்வி வரும். ஆளாளுக்கு ஒரு இடம் சொல்வார்கள். அளவு இருந்தால்தான் பேச்சு நிற்கும். படகின் முனை அலையில் ஆடிக்கொண்டிருந்தது, குறி வைக்கச் சிரமம். அந்த மனிதரின் கை உயரமாக, ஒரே இடத்தில் தெரிந்தது. அதைக் குறியாக வைத்து முதல் கோணத்தை எடுத்தேன். பிறகு கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து இறக்கினோம். வீரையன் முக்காலியைத் தூக்கிக்கொண்டார். ஐஸ் கம்பெனி வரை அறுநூறு மீட்டர். மணலில் நடக்க நேரமாகிறது. வழியில் அவர் இரண்டு முறை நின்றார். நான் நிற்கவில்லை, அதனால் அவரும் வந்தார். ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில் கருவியை வைத்து மட்டம் பார்த்து முடித்தபோது எட்டு இருபது.

இரண்டாவது கோணம் எடுக்கும்போது கை இல்லை. இரண்டு பேர்தான் இருந்தார்கள். அதனால் படகின் முனையைத்தான் குறியாக வைக்க வேண்டியிருந்தது. அரை நிமிடக் கோணம் பிசகியிருக்கலாம். மற்றபடி அளவு சரி.

எட்டரைக்குச் செல்லதுரையிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் நான்கு படகில் போனார்கள். போய்ச் சேர இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஐயாவு என்பவரையும் இன்னொருவரையும் கொண்டுவந்தார்கள். கையை ஆட்டியவர் பெயர் முருகையன். நன்னிலத்துக்காரர், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். குறுவை இல்லாததால் மூன்று வாரத்துக்கு முன்னால்தான் படகுக்கு வந்தாராம். கை மரத்துப் போய் விட்டுவிட்டார் என்று ஐயாவு சொன்னார்.

அன்று மாலையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது சங்கிலி வைத்து, சரியாக. மூன்று கடல் மைலுக்கு வெளியே இருநூற்று எண்பத்தெட்டு மீட்டர். ஜெக்கரியாவின் துண்டுத்தாளும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. பிறகு பழைய கணக்கை வைத்து இன்னொரு தரம் போட்டேன். எல்லைக்கு உள்ளே நான்கு மீட்டர். அதை அறிக்கையில் எழுதி அனுப்பினேன். தடைசெய்த பகுதியில் சட்டவிரோதமாக இழுத்ததால் விபத்து என்று மேலே முடிவு செய்தார்கள். அதனால் இரண்டு குடும்பங்களுக்கும் அரசு உதவி கிடையாது என்று ஆனது.

முருகையன் மனைவி அம்சம் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை. சண்டை போடவும் இல்லை. என் மேசைக்கு முன்னால் நின்று ஒன்று மட்டும் கேட்டார்.

"கூட இருந்தவர் சொல்றாருங்க, கரையில தொட்டி மேல கண்ணாடி மின்னுச்சாம், ஆள் நின்னுச்சாம். எம் புருசன் அதப் பாத்துத்தான் கைய ஆட்டினாராம். ஆள் இருக்குது, வந்துருவாங்கன்னு சொன்னாராம். அந்த ஆள் யாருங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். வீரையன் கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவர் அந்த அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தார். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நாகப்பட்டினத்துக்குப் போய்க் கலெக்டர் முன்னால் நின்றிருக்கிறார். இருபது என்று சொல்லியிருக்கிறார். முதலில் யாருக்கும் புரியவில்லையாம். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாராம், அவர்கள் உட்காரவைத்து விசாரிக்கும்வரை.

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் எண்ணியது சரி. அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

ஆகவே, ஐயா, கற்களைப் போடச் சொன்னது நான். ஜெக்கரியா அந்த வழியில்தான் வருவார் என்று தெரிந்தே போட்டேன். படகு கவிழும் என்பதும் தெரியும். முருகையனைக் காப்பாற்ற நேரம் இருந்தது, அந்த நேரத்தை நான் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரையும் கொன்றது நான்தான். இதில் எந்த வரியையும் நான் பின்னால் மறுக்கமாட்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். படகு மூழ்கிய இடம் "எல்லைக்கு வெளியே" என்று எழுதியிருக்கிறது. என் வரைபடம் இன்னும் ரத்தாகவில்லை, அதில் மேலதிகாரி கையெழுத்து இருக்கிறது. புது வரைபடம் வரும்வரை அதுதான் செல்லும். அந்த இடத்தில் "எல்லைக்கு உள்ளே" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.